தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு கிரகணம்

பங்குனி மாதம் அரூர், ஊத்தங்கரைப் பக்கம் வானம் பெரும்பாலும் துடைத்துவிட்டாற்போல இருக்கும். நடுராத்திரியில் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்தால் சிம்ம ராசி நேர் தலைக்கு மேலே நிற்கும். மகம் கொஞ்சம் மேற்கே சாய்ந்திருக்கும். உச்சியை ஒட்டிப் பூரம். பஞ்சாங்கத்தில் பூரம் என்று சொல்வது தெற்கு வடக்காக நிற்கும் இரண்டு விண்மீன்களை. அந்த இரண்டுக்கும் நடுவில், சற்றே கிழக்கே ஒதுங்கி, இன்னொரு விண்மீன் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய எல்லையைவிடப் பல்லாயிரம் மடங்கு மங்கல் என்பதால் எந்தப் பஞ்சாங்கத்துக்கும் அது தெரியாது. ஆனால் அது செய்யும் வேலை அபாரம். தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு தடவை, நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் அணைந்துபோய், மறுபடி எரிகிறது. அதன் பெயர் டி.பி. லியோனிஸ்.

இந்த வகை விண்மீன்கள் எப்படி அகப்படுகின்றன, அகப்பட்ட பிறகு அவற்றிலிருந்து என்னென்ன தெரிந்துகொள்ள முடிகிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன். கண்ணுக்குத் தெரியாத எக்ஸ் கதிர்தான் இவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. காட்டிக்கொடுத்ததை அளக்க வழி செய்வது கிரகணம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் நமக்குக் கிடைத்திருப்பது பாதிக் கதைதான்.

டி.பி. லியோனிஸில் இருப்பது ஒற்றை விண்மீன் இல்லை. ஒன்று வெள்ளைக் குள்ளன். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் எரிபொருள் தீர்ந்து, மேல்பகுதியை எல்லாம் விண்வெளியில் உதிர்த்துவிட்ட பிறகு மிஞ்சுகிற கரு அது. எடை சூரியனின் எடையில் பாதிக்கு மேல் இருக்கும். உருவமோ பூமியின் அளவுதான். ஒரு கன சென்டிமீட்டர் சுமார் ஒரு டன் கனக்கும். இன்னொன்று சிவப்புக் குள்ளன்: சூரியனைவிட மிகச் சிறிய, குளிர்ந்த, சாதாரண விண்மீன். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய நமக்கும் நிலாவுக்கும் உள்ள தூரம். மொத்தக் குடும்பத்தையும் சூரியனுக்குள் வைத்து மூடிவிடலாம். இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால்தான் ஒரு சுற்று தொண்ணூறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நாம் பார்க்கும் கோணத்தில் அந்தச் சுற்றுப்பாதை ஏறக்குறைய விளிம்பாகத் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக் குள்ளன் குறுக்கே வந்து வெள்ளைக் குள்ளனை முழுசாக மறைத்துவிடுகிறது.

நெருக்கம் இன்னொரு காரியத்தையும் செய்கிறது. வெள்ளைக் குள்ளனின் ஈர்ப்பு, எதிரே உள்ள சிவப்புக் குள்ளனின் மேற்பரப்பிலிருந்து வாயுவை இழுக்கிறது. இழுபட்ட வாயு நேராகப் போய் விழாது. சுற்றும் வேகம் அதற்கும் உண்டு. காந்தம் இல்லாத வெள்ளைக் குள்ளனாக இருந்தால் வாயு அதைச் சுற்றி ஒரு வட்டத் தட்டாகப் பரவி, மெதுவாக உள்ளே இறங்கும். இங்கேதான் காந்தம் குறுக்கிடுகிறது. காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ். பூமியின் காந்தப்புலம் அரை காஸ் அளவு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரம் ஒன்றில் சாதாரணமாக 15,000 காஸ் இருக்கும். நாம் பேசுகிற வெள்ளைக் குள்ளன்களில் அது ஒரு கோடி காஸிலிருந்து 23 கோடி காஸ் வரை போகிறது. அப்படிப்பட்ட புலத்துக்குள் நுழைந்த வாயு அயனியாகிவிடுவதால் அது தன் இஷ்டத்துக்குப் போக முடியாது. காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நேரே காந்த முனைக்குத்தான் போயாக வேண்டும். தட்டு உருவாக இடமே இல்லை. அதோடு, அந்தக் காந்தப் பிடிப்பு வெள்ளைக் குள்ளனின் சுழற்சியையே சுற்றுப்பாதையோடு பூட்டிவிடுகிறது. ஒரு முகத்தை மட்டும் துணைக்குக் காட்டிக்கொண்டே சுற்றும்.

தட்டு இல்லாததன் விளைவு நம் மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே புரியும். ஏரி உள்ள ஊரில் மழை தவறினாலும் தேங்கிய தண்ணீரை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஏரி இல்லாமல் ஓடைத் தண்ணீரை நேரே வயலுக்குத் திருப்பிக்கொள்ளும் ஊரில் ஓடை நின்ற அன்றே வயல் காயும். தட்டுள்ள இரட்டைகளுக்கு அந்தத் தட்டுதான் ஏரி. காந்த வெள்ளைக் குள்ளன்களுக்கு அது கிடையாது. சிவப்புக் குள்ளனிலிருந்து வரும் வாயு குறைந்தால் வெளிச்சமும் கையோடு குறைந்துவிடும். மாதக்கணக்கில் மங்கிக் கிடந்துவிட்டு, காரணம் சொல்லாமல் மறுபடி பிரகாசிக்கும். வாயு புறப்படும் இடத்தில் சிவப்புக் குள்ளனின் கரும்புள்ளிகள் வந்து அடைத்துக்கொள்வது காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து நெடுநாளாக இருக்கிறது.

சரி, எக்ஸ் கதிர் எங்கே வந்தது? காந்த முனையை நோக்கி விழும் வாயு மேற்பரப்பை நெருங்கும்போது நொடிக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த வேகம் மேற்பரப்புக்குச் சற்று மேலே ஓர் அதிர்வலையில் மோதிச் சட்டென்று அடங்குகிறது. அடங்கிய வேகமெல்லாம் வெப்பமாகிறது: பத்து, இருபது கோடி டிகிரி. அவ்வளவு சூட்டில் இருக்கும் வாயு வன்மையான, அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிரை வீசும். அதில் ஒரு பங்கு கீழே மேற்பரப்பில் பட்டு, அந்த இடத்தைச் சில லட்சம் டிகிரிக்குக் காய்ச்சுகிறது. அது மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த எக்ஸ் கதிரை வெளிவிடும். காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் எலக்ட்ரான்கள் தனியாக ஒரு வகை ஒளியைத் தரும். அந்த ஒளி சாதாரண வெளிச்சமாகவும் அகச்சிவப்பாகவும் வரும். ஒரே ஒழுங்கில் அதிர்ந்துகொண்டு வரும். பள்ளிக்கூடப் பாடத்தில் தளவிளைவு என்று படித்திருப்போமே, அதுதான். இத்தனையும் பூமி அளவுள்ள ஒரு கோளத்தில், ஒரு சிறு பொட்டில் நடக்கிறது.

எக்ஸ் கதிர் வானத்திலிருந்து தரைக்கு வராது. காற்றுமண்டலம் விழுங்கிவிடும். உயிர்களுக்கு அது பெரிய பாக்கியம். வானியலுக்கு அதனால்தான் செயற்கைக்கோள் வேண்டியிருக்கிறது. 1962-இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு ஒரு ராக்கெட்டில் கருவியை ஏற்றி, சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரை முதன்முதலாகப் பிடித்தது. எக்ஸ் கதிருக்காகவே செய்யப்பட்ட முதல் செயற்கைக்கோள் உஹுரு, 1970 டிசம்பர் 12 அன்று கென்யக் கடற்கரைக்கு அப்பாலுள்ள ஒரு மேடையிலிருந்து கிளம்பியது. அது போட்ட பட்டியலில் ஹெர்குலிஸ் மண்டலத்தில் ஒரு புள்ளி. அந்த இடத்தில் ஏ.எம். ஹெர்குலிஸ் என்றொரு மாறும் விண்மீன் ஏற்கெனவே ஏட்டில் இருந்தது. 1923-இல் ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் கண்டது. அரை நூற்றாண்டு அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. எக்ஸ் கதிர் அதன்மேல் விரலை வைத்த பிறகு, 1976 ஆகஸ்டில் அரிசோனாவில் சான்டியாகோ டாப்பியா அதன் ஒளியில் பலமான தளவிளைவை அளந்தார். அவ்வளவு தளவிளைவு வர வேண்டுமானால் கோடிக்கணக்கான காஸ் காந்தப்புலம் இருந்தாக வேண்டும். ஒரு புதிய இனமே பிறந்தது. போலந்து வானியலாளர்கள் இருவர் இவற்றுக்குப் போலார் என்று பெயரிட்டார்கள். இன்றும் துறையில் அதுதான் புழங்குகிறது.

ஏ.எம். ஹெர்குலிஸில் கிரகணம் இல்லை. அதன் பாதை நமக்குச் சாய்வாகத் தெரிகிறது. ஒரு போலாரை எடுத்துக்கொண்டால் அது கிரகணம் காட்டும் கோணத்தில் அமைந்திருக்க வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒன்றுதான். அந்த அதிர்ஷ்டம் முதலில் வாய்த்தது ஐன்ஸ்டைன் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் பதிவுகளில் அகப்பட்ட டி.பி. லியோனிஸுக்கு. 1985-இல் அது கிரகணமுள்ள காந்த இரட்டை என்று கட்டுரை வந்தது. அப்புறம் ஐரோப்பாவின் எக்ஸோசாட் வழியாக யு.இசட். ஃபோர்னாசிஸ். 1990 ஜூனில் ஏவப்பட்ட ஜெர்மனியின் ரோசாட் ஆறு மாதத்தில் வானம் முழுவதையும் துழாவியதில் எச்.யு. அக்குவாரி. ரோசாட்டுக்கு முன் இருபதைத் தொடாத போலார்களின் எண்ணிக்கை, சில ஆண்டுகளிலேயே இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்தச் செயற்கைக்கோள் 2011 அக்டோபர் 23 அன்று நம் வங்கக் கடலுக்கு மேலேதான் எரிந்து விழுந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் கிருஷ்ணகிரிக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போனபோது பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், பெரிய டெலஸ்கோப்லயும் வெறும் புள்ளியாத்தானே தெரியும்? அதுல ரெண்டு இருக்கு, காந்தம் இருக்குன்னு எப்படி அடிச்சுச் சொல்றாங்க?”

இதைவிட நல்ல கேள்வி இந்த விஷயத்தில் இல்லை. ஆயிரம் ஒளியாண்டுக் கணக்கான தூரத்தில் நிலா தூரம் அளவே பிரிந்திருக்கும் இரண்டு பொருள்களை எந்தத் தொலைநோக்கியும் பிரித்துக் காட்டாது. படம் கிடைக்காது, நேரம்தான் கிடைக்கும். எச்.யு. அக்குவாரியின் ஒரு கிரகணத்தை நொடி நொடியாகப் பார்ப்போம். அதன் ஒரு சுற்று இரண்டு மணி ஐந்து நிமிடம்.

கிரகணத்துக்குச் சில நிமிடங்கள் முன்பு எக்ஸ் கதிர் ஒரு தரம் குழிந்து மீள்கிறது. அந்த நேரத்தில் சிவப்புக் குள்ளன் இன்னும் குறுக்கே வரவில்லை. ஆனால் அதிலிருந்து கிளம்பி வெள்ளைக் குள்ளனை நோக்கி வளைந்து போகும் வாயுத் தாரை நமக்கும் சூடான பொட்டுக்கும் நடுவில் வந்துவிடுகிறது. மென்மையான எக்ஸ் கதிரைத்தான் வாயு அதிகம் விழுங்கும். எந்த ஆற்றலில் எவ்வளவு குழிந்தது என்று பார்த்தால் தாரையின் அடர்த்தி தெரியும். எப்போது குழிந்தது என்பதிலிருந்து தாரை காந்தக் கோட்டில் ஏறும் இடம் தெரியும். தாரையைப் பார்க்காமலேயே அதன் போக்கை வரைந்துவிடலாம்.

பிறகு கிரகணம். சாதாரண வெளிச்சத்தில் வேகமான கேமராவை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஒரேயடியாக விழாது, படிப்படியாக விழும். வெள்ளைக் குள்ளனின் உடம்பு மறைய அரை நிமிடம் அளவு பிடிக்கிறது. அதன் நடுவே சூடான பொட்டு மறையும் கணத்தில் வெளிச்சம் செங்குத்தாகச் சரிகிறது, ஒன்றிரண்டு நொடிதான். அதற்குப் பிறகும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும். அது வாயுத் தாரையினுடையது. தாரை நீளமானது என்பதால் மறைய நிமிடங்கள் ஆகும். எல்லாம் மறைந்த பின் சிவப்புக் குள்ளனின் மங்கல் ஒளி மட்டும். பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக இப்படி இருந்துவிட்டு, விட்டுப்போன வரிசையிலேயே எல்லாம் திரும்பி வருகிறது.

எக்ஸ் கதிரில் இந்தப் படிகள் இல்லை. எக்ஸ் கதிரை வீசுவது பொட்டு மட்டும்தான். ரோசாட் பதிவுகளில் எச்.யு. அக்குவாரியின் எக்ஸ் கதிர் கிரகணத்திலிருந்து மீண்டு எழ எடுத்துக்கொண்டது ஒன்றே கால் நொடிக்குச் சற்றே கூடுதல். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதமே போதும். இரண்டு மணி நேரச் சுற்றுக்கு இரண்டு விண்மீன்களுக்கும் இடையே சுமார் ஐந்தரை லட்சம் கிலோமீட்டர். வட்டத்தின் சுற்றளவைச் சுற்றும் நேரத்தால் வகுத்தால் ஒன்றைப் பொறுத்து இன்னொன்றின் வேகம் நொடிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் வரும். சிவப்புக் குள்ளனின் விளிம்பு அந்த வேகத்தில் பொட்டின் மேலிருந்து விலகுகிறது. அப்படியானால் பொட்டின் அகலம் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து கன்னியாகுமரி நேர்கோட்டில் எவ்வளவோ அவ்வளவு. சூரியனுக்கு வெளியே உள்ள எந்த விண்மீனின் மேற்பரப்பிலும் இத்தனை சிறிய இடத்தை நேரடிப் படத்தால் காண வழியில்லை. ஒரு கடிகாரமும் ஒரு கிரகணமும் அதை அளந்து தருகின்றன.

வெள்ளைக் குள்ளனின் உடம்பு மறைய எடுக்கும் அரை நிமிடத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் அதன் விட்டம் வரும். விட்டம் தெரிந்தால் எடை தெரியும். வெள்ளைக் குள்ளன்களில் எடை கூடக் கூட உருவம் சிறுத்துக்கொண்டே போகும். அந்தச் சுருக்கத்துக்கு ஒரு முடிவு உண்டு, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல் வெள்ளைக் குள்ளன் தாங்காது என்று கணக்குப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகிற வழியில் அந்தக் கணக்கைத் தொடங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. அவருடைய கோட்பாடு சொல்லும் எடையும் விட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று சோதித்துப் பார்க்கக் கிரகணமுள்ள இரட்டைகளைப் போல வேறொன்று வாய்க்காது.

இத்தனை பலன் இருந்தும் இவை அரிதாகவே கிடைத்தன. இன்றைக்கும் தெரிந்த போலார்கள் நூற்றுக்கணக்கில்தான்; கிரகணமுள்ளவை அதில் ஒரு சிறு பங்கு. ஏன் இப்படி என்பதற்கு ஒரு பதில், தேடிய கருவியிலேயே இருக்கிறது. ரோசாட் பார்த்தது 0.1-லிருந்து 2.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, அதாவது மென்மையான எக்ஸ் கதிரை. அதனால் மென்மையான எக்ஸ் கதிரை வாரி வீசும் போலார்கள்தான் அதற்கு அகப்பட்டன. போலார் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று துறையிலும் ஓர் எண்ணம் படிந்தது. பின்னால் எக்ஸ்எம்எம்-நியூட்டன் போன்ற தொலைநோக்கிகள் விரிந்த வீச்சில் பார்த்தபோது, மென்மையான பகுதி கண்ணில் படாத போலார்கள் வரிசையாக வந்தன. பழைய பட்டியலை வைத்து இந்த விண்மீன்களின் குணத்தைத் தீர்மானிப்பது சரிவராது என்று நான் நினைக்கிறேன். பட்டியலில் பாதி விண்மீன்களின் குணம், மீதி நம் கருவியின் குணம்.

இதற்கு மாற்று வந்தது 2019 ஜூலை 13 அன்று. பைக்கோனூரிலிருந்து கிளம்பிய ரஷ்யாவின் ஸ்பெக்டர்-ஆர்ஜி விண்கலத்தில் ஈரோசிட்டா என்ற ஜெர்மன் தொலைநோக்கி. தங்கம் பூசிய 54 உருளைக் கண்ணாடிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியது ஒரு தொகுதி. அப்படி ஏழு தொகுதிகள். எக்ஸ் கதிர் நேரே பட்டால் கண்ணாடிக்குள் புகுந்துவிடும், உரசினாற்போலச் சாய்ந்து பட்டால்தான் தெறிக்கும் என்பதால் இந்த உருளை வடிவம். விண்கலம் நான்கு மணிக்கு ஒரு தரம் தன்னைத்தானே சுற்றி வானத்தை ஒரு பட்டையாக வருடும். ஆறு மாதத்தில் முழு வானமும் ஒரு தரம் முடியும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விண்மீன்மேல் தொலைநோக்கியின் பார்வை ஒவ்வொரு தடவையும் நாற்பது நொடிவரைதான் நிற்கும். நான்கு மணி கழித்து மறுபடி ஒரு நாற்பது நொடி. கிரகணத்தை இதில் நேரே பார்ப்பது கஷ்டம். 92 நிமிடச் சுற்றுள்ள ஒன்று அந்த இடைவெளியில் இரண்டரைச் சுற்றுக்கு மேல் முடித்துவிட்டிருக்கும். ஆனால் ஈரோசிட்டாவின் பலம் வேறு: திரும்பத் திரும்ப வருவது. போன ஆறு மாதத்தில் இல்லாதது இப்போது பளிச்சென்று இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஏரி இல்லாத விண்மீன்கள் திடீரென்று மங்கித் திடீரென்று ஒளிர்வதால் இந்த வலைக்குத் தப்ப முடியாது.

அப்படிச் சிக்கியதுதான் தென்வானில் ‘தொலைநோக்கி’ என்று பெயருள்ள விண்மீன் மண்டலத்தின் பக்கம், நீளமான எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு போலார். சுருக்கமாக ஜே1929 என்போம். எக்ஸ் கதிரிலும் சாதாரண ஒளியிலும் நாற்பது மடங்குக்கு மேல் ஏறி இறங்கியது. விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் அளக்கும் கையா விண்கலமும் அதே இடத்தில் ஒரு மாற்றத்தைக் குறித்து எச்சரிக்கை விட்டிருந்தது. தென்னாப்பிரிக்காவின் சால்ட் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்தார்கள். ஹைட்ரஜன் கோடுகளோடு அயனியான ஹீலியத்தின் கோடும் அகலமாக, பலமாக நின்றது. அந்த ஹீலியம் கோடு பலமாக இருந்தால் அருகே கடுமையான எக்ஸ் கதிர் மூலம் இருக்கிறது என்று அர்த்தம்; காந்த வெள்ளைக் குள்ளனுக்கு அது கிட்டத்தட்டக் கையெழுத்து. பிறகு தொடர்ந்து பார்த்ததில் 92.5 நிமிடத்துக்கு ஒரு கிரகணம். இரண்டு காந்த முனைகளிலும் வாயு விழுகிறது என்பதும் தெரியவந்தது. 2022-இல் ஷ்வோப்பே குழுவினர் இதை வெளியிட்டார்கள்.

இன்னொரு வழி சலித்தெடுப்பது. ஈரோசிட்டா முழு வானத்தைத் தொடங்குமுன் 140 சதுர டிகிரிப் பரப்பை ஆழமாகப் பார்த்துச் சோதித்தது. அதிலேயே சுமார் 27,000 எக்ஸ் கதிர்ப் புள்ளிகள். பெரும்பாலானவை தொலைதூரப் பால்வெளிகளின் மையத்திலுள்ள கருந்துளைகள். இவற்றை, கலிபோர்னியாவின் பாலோமர் மலையிலிருந்து வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் இசட்.டி.எஃப். ஆய்வின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். எக்ஸ் கதிரும் வரவேண்டும், அதே இடத்து ஒளி சில மணி நேரக் கணக்கில் ஒழுங்காக ஏறி இறங்கவும் வேண்டும். கடைசியில் 2023-இல் வெளியான ஆய்வு இரண்டு புதிய போலார்களைக் கொண்டுவந்தது. ஒன்றில் கிரகணம் உண்டு; சுற்று 1.72 மணி, வெள்ளைக் குள்ளனின் எடை சூரியனில் 0.81 பங்கு. அவ்வளவு புள்ளிகளைச் சலித்து இரண்டே இரண்டு கிடைப்பது சிலருக்குச் சப்பென்று இருக்கலாம். எனக்கு அந்த இரண்டும், அவை கிடைத்த முறையும் பெரிய விஷயமாகப் படுகின்றன. இரண்டும் வாயு குறைவாக விழும், அடக்கமான போலார்கள். பழைய வலைகளில் நழுவிப்போன ரகம்.

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், 2022 பிப்ரவரியில் ஈரோசிட்டாவைத் தூங்கவைத்துவிட்டார்கள். நான்கு முழுச் சுற்றும் ஐந்தாவதில் ஒரு பகுதியும் முடிந்திருந்தன. முதல் சுற்றின் ஜெர்மன் பங்கு, பாதி வானம், 2024 ஜனவரி 31 அன்று பொதுவில் வந்தது. ஒன்பது லட்சம் அளவு எக்ஸ் கதிர்ப் புள்ளிகள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இவற்றை மேலும் மேலும் தேடுவதற்கு முக்கியக் காரணம் ஒரு புதிர். நமக்குப் பக்கத்தில், ஐந்நூறு ஒளியாண்டுக்குள் உள்ள வாயு இழுக்கும் வெள்ளைக் குள்ளன் இரட்டைகளை எண்ணிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு காந்தம் உள்ளவை. ஆனால் இன்னும் வாயு இழுக்கத் தொடங்காத இளம் இரட்டைகளில் காந்த வெள்ளைக் குள்ளன் அபூர்வம். இவைதானே பிறகு அவையாக மாறுகின்றன? அப்படியானால் காந்தம் நடுவழியில் எங்கிருந்து வந்தது? 2021-இல் ஷ்ரைபர் குழுவினர் சொன்ன விளக்கம் இது: வெள்ளைக் குள்ளன் ஆற ஆற அதன் நடுப்பகுதி படிகமாக உறைகிறது. ஆக்சிஜன் மிகுந்த திடப்பொருள் கீழே தங்க, கார்பன் மிகுந்த இலேசான திரவம் மேலே கிளம்பிக் கலக்குகிறது. துணையிடமிருந்து வாயு வாங்கியதில் சுழற்சியும் வேகமெடுத்திருக்கிறது. கலங்கும் திரவமும் சுழற்சியும் சேர்ந்தால் பூமியின் உள்ளே நடப்பதைப் போல ஒரு டைனமோ. எல்லாரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை, வாதம் நடக்கிறது. தீர்ப்பதற்கு எடை, வெப்பநிலை, காந்தப்புலம் மூன்றும் நம்பகமாக அளக்கப்பட்ட போலார்கள் இன்னும் நிறைய வேண்டும். எடையை நம்பகமாகத் தருவது கிரகணம்.

நம் ஊருக்கு இதில் என்ன இடம்? நாம் இருப்பது வட அகலாங்கு பன்னிரண்டரை டிகிரி. வடக்கே ஏ.எம். ஹெர்குலிஸ் ஐம்பது டிகிரிக்கு மேல் உயர்கிறது. தெற்கே ஜே1929-உம் இருபது டிகிரி உயரம் வரை வந்துபோகிறது. ஐரோப்பாவில் இருந்தால் இரண்டாவது கிடைக்கவே கிடைக்காது. காவலூரை வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்ததில் இரண்டு பக்க வானமும் தெரிவது ஒரு காரணம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. ஒரு பொருள் இன்னொன்றை மறைக்கும் நொடிகளை அளப்பது அந்த மலைக்குப் பழகிய வேலை. 1986-இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. எக்ஸ் கதிருக்கு நம்மிடம் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அஸ்ட்ரோசாட் உண்டு.

சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஏ.எம். ஹெர்குலிஸ் நன்றாக எரியும் காலத்தில் எட்டு அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் போதும். சித்திரையில் விடிகாலை நாலு, ஐந்து மணிக்கு வடக்கே நன்றாக உயர்ந்திருக்கும். எரிகிறதா, அணைந்து கிடக்கிறதா என்று நாள்தோறும் குறித்துவைத்தாலே அது ஆய்வுக்கு உதவும் தரவு. உலகெங்கும் அமெச்சூர்கள் பல பத்தாண்டுகளாக அதைத்தான் செய்கிறார்கள். ஓசூரின் வெளிச்சமும் பெங்களூருச் சாலையின் விளக்குகளும் மேற்கு வானத்தைக் கெடுத்துவிட்டன. ஆனாலும் சித்தேரி மலையிலும் அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டோரங்களிலும் இருட்டு இன்னும் பாக்கி இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

டி.பி. லியோனிஸ் போன்றவற்றுக்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும். ஆனால் பொதுவில் கிடைக்கும் பதிவுகளை எடுத்துக் கிரகண நேரங்களைக் குறிக்க ஒரு மடிக்கணினி போதும். பென்னாகரத்தில் இருக்கும் கல்லூரி மாணவரும் செய்யலாம். செய்யும்போது ஒன்றில் கவனம் வேண்டும். கிரகணங்கள் எதிர்பார்த்த நேரத்தைவிட முந்துகின்றனவா பிந்துகின்றனவா என்று பல ஆண்டு பார்த்து, அந்த இரட்டையைச் சுற்றி ஒரு கோள் இருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. டி.பி. லியோனிஸுக்குச் சொன்ன விலகல் அரை நிமிட அளவு. எச்.யு. அக்குவாரிக்கு 2011-இல் இரண்டு கோள்கள் சொன்னார்கள். அந்தப் பாதைகள் நிலைக்காது என்று வேறு கணக்குகள் காட்டின, பிறகு வந்த கிரகணங்களும் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. சிவப்புக் குள்ளனின் காந்தச் சுழற்சியால் அதன் உருவம் லேசாக மாறி, சுற்றும் நேரம் மாறுகிறது என்பது இன்னொரு விளக்கம். எதுவானாலும் தேடுவது சில பத்து நொடி வித்தியாசம். பூமி சூரியனைச் சுற்றுவதால் மட்டுமே அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது: பங்குனியில் பூரத்தின் பக்கமாக நாம் இருக்கும்போது டி.பி. லியோனிஸின் ஒளி சூரியனை அடைவதற்கு எட்டு நிமிடம் முன்பே நம்மை அடைகிறது, புரட்டாசியில் எட்டு நிமிடம் பிந்துகிறது. அதனால் குறித்த ஒவ்வொரு நேரத்தையும் சூரிய மண்டலத்தின் நிறை மையத்தில் இருந்து பார்த்தால் எப்போது தெரிந்திருக்குமோ அந்த நேரத்துக்கு மாற்ற வேண்டும், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக இடையில் நம் கடிகாரங்களில் சேர்த்த லீப் நொடிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும், கேமராவின் நேரத்தை ஜி.பி.எஸ். கடிகாரத்தோடு கட்ட வேண்டும். இந்த மூன்றையும் முடித்த பிறகுதான் மிச்சமிருக்கும் நொடிகள் அந்த இரண்டு விண்மீன்களுடையவை.